கணவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். எங்கள் மனு என்ன ஆகும்?

கேள்வி: சித்தூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். கணவர் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு வந்ததும் எனக்காக ஐ-130 என்ற உறவினர் மனு போட்டார். பிள்ளைகள் இருவரும் அதிலேயே இருக்கிறார்கள். போன மாதம் குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டார். மகளுக்கு 20 வயது, திருப்பதியில் படிக்கிறாள். மகனுக்கு 12. இனி என் குடியுரிமையும் மாறுமா? மனு என்ன ஆகும்? பங்காருபாளையம் பக்கம் அவர் பெயரில் உள்ள மாந்தோப்பை விற்றே ஆக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, சித்தூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் மகளின் பிறந்த தேதியைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது, அதற்கு இல்லை.

இதுவரை உங்கள் மனு, கிரீன் கார்டு உள்ளவரின் மனைவி, பிள்ளைகளுக்கான எஃப்-2ஏ பிரிவில் இருந்தது. அதில் மனைவியோடு பிள்ளைகளும் சேர்ந்தே வரலாம். கணவர் குடிமகன் ஆனதும் நீங்கள் 'உடனடி உறவினர்' ஆகிவிட்டீர்கள். இதில் ஆண்டு வரம்பு கிடையாது, வரிசையில் காத்திருக்க வேண்டாம். ஆனால் இந்தப் பிரிவில் அம்மாவின் மனுவோடு பிள்ளைகள் வர முடியாது. ஒவ்வொருவருக்கும் அவர் தனியாக ஐ-130 போட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

21-வது பிறந்த நாளுக்கு முன் மகளின் மனு பதிவாகிவிட்டால் அன்றைய வயதே கணக்கு. பிறகு தாமதமானாலும் பாதகமில்லை. தவறினால் குடிமகனின் 21 வயதான, மணமாகாத பிள்ளைகளுக்கான எஃப்-1 வரிசை, அங்கே வருடக்கணக்கில் காத்திருப்பு. மணமானால் அவள் இந்தப் பிரிவில் வர முடியாது. அதனால் நல்ல வரன் வந்தாலும், அவள் விசாவோடு அமெரிக்கா போய்ச் சேரும்வரை திருமணத்தைத் தள்ளிவையுங்கள். மகனுக்கு அவசரமில்லை, மனு மட்டும் வேண்டும். 18 வயதுக்குள் கிரீன் கார்டோடு போய் அப்பாவுடன் வசித்தால், 2000-ம் ஆண்டுச் சட்டப்படி அவன் தானாகவே குடிமகன் ஆகிவிடுவான்.

உங்கள் மனுவுக்குக் கணவர் தன் குடியுரிமைச் சான்றிதழின் நகலை மனுவைக் கையாளும் அலுவலகத்துக்கு அனுப்பிப் பிரிவை மாற்றச் சொல்ல வேண்டும். நீங்கள் இங்கே காகிதங்களைத் தயார் செய்யுங்கள்: போலீஸ் சான்றுக்குத் திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திரம், தெலுங்கில் உள்ள பிறப்பு, திருமணச் சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானதால், ஸ்ரீகாளஹஸ்தி போன்ற ஊர்களின் பழைய சான்றில் சித்தூர் மாவட்டம் என்றும் புதியதில் திருப்பதி மாவட்டம் என்றும் இருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் விளக்கக் கடிதம் ஒன்றை இணையுங்கள்.

உங்கள் குடியுரிமை மாறாது. 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி இந்தியக் குடியுரிமையை இழந்தவர் உங்கள் கணவர் மட்டும்தான். அவர் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் ஊருக்கு வருவது குற்றம். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கிவிட்டால் ஆயுள் முழுக்க விசா கவலை இல்லை. ஆனால் ஓட்டுரிமை கிடையாது.

மாந்தோப்பை விற்கத் தேவையில்லை. இந்தியாவில் வசித்தபோது வாங்கிய விவசாய நிலத்தை அவர் வைத்துக்கொள்ளலாம். வாரிசாக வந்தாலும் பெறலாம். புதிதாக வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது. விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். ஆகவே "சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் எந்தக் கையெழுத்தும் போடாதீர்கள். தோப்பின் பட்டாதாரு பாஸ்புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும்.

அமெரிக்கா போன பிறகும் கிரீன் கார்டோடு நீங்கள் இந்தியராகவே இருக்கலாம். குடிமகனின் மனைவி என்பதால் மூன்று ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும். விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அவர் முடிவெடுத்துவிட்டார் என்பதற்காக நீங்களும் எடுக்க வேண்டியதில்லை. இங்குள்ள பெரியவர்கள், நிலம், உங்கள் மனம் எல்லாவற்றையும் யோசித்து நிதானமாக முடிவு செய்யுங்கள். மகளின் மனுவை மட்டும் இந்த வாரமே போடச் சொல்லுங்கள்.