புல்லட்டில் எண்ணெய் ஒழுகுதா? நட்டை முறுக்காதீங்க!

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டின் பிரைமரி கவரில் எண்ணெய் கசிந்தால், பலர் உடனே ஸ்பானரை எடுத்து நடு நட்டை முறுக்குகிறார்கள். தப்பே அங்கதான்!

கவரைப் பிடித்திருப்பது அந்த ஒரே நட்டு. எண்ணெயைத் தடுப்பதோ விளிம்பிலுள்ள ரப்பர் வளையம். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் கவர் நடுவில் அமுங்கி, விளிம்பு தூக்கும், கசிவு கூடும்.

முதலில் கவரை மண்ணெண்ணெயால் கழுவித் துடையுங்கள். பவுடர் தூவி, சற்று ஓட்டிப் பாருங்கள். முதலில் ஈரம் தெரியும் இடமே ஊற்றுக்கண்.

நட்டடியில் என்றால் வாஷரை மாற்றுங்கள்.

விளிம்பில் என்றால், எஞ்சின் ஆறியபின் அடியில் தட்டு வையுங்கள். இடப்பக்க ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடலைக் கழற்றிக் கவரை எடுங்கள். பள்ளத்தைச் சுத்தம் செய்து, புது ரப்பரை முறுக்கில்லாமல் பதியுங்கள். லெவல் ஸ்குரூ மட்டத்துக்கு மேல் எண்ணெய் வேண்டாம்.

எண்ணெய் தானாகவே ஏறிக்கொண்டே போகுதா? குற்றம் கவரில் இல்லை. கிராங்க் பக்க ஆயில் சீலையும் பிரீதரையும் பாருங்கள்.

கடைசியாக, பின் பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். கழற்றிய பெடல் பிரேக்குடையது, மறந்துடாதீங்க!