கராடியிலிருந்து குமரிவரை: நகரும் புள்ளியை வீட்டுக்குக் காட்டுவது எப்படி?

2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் இந்தியப் பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டோமியின் 'துரியா' படகு புயலில் உருண்டது. பாய்மரம் முறிந்தது, முதுகில் பலத்த அடிபட்டு அவரால் எழ முடியவில்லை. கோல்டன் குளோப் என்ற அந்தத் தனிநபர் போட்டியில் வழி பார்க்க ஜிபிஎஸ் பயன்படுத்தக் கூடாது. ஆனால் படகிலிருந்த கருவி அதன் இருப்பிடத்தைக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது; அவருடைய குறுஞ்செய்திகளும் அதன் வழியே வந்தன. 24ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' அவரை மீட்டது.

புனேயில் உள்ள கராடியின் ஐ.டி. வளாகங்களில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் சாத்தாரா, கோலாப்பூர், பெங்களூர், மதுரை வழியாகச் சைக்கிளில் கன்னியாகுமரிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 1,500 கிலோமீட்டர். அவருக்கும் இருப்பிடத்தை வீட்டுக்குக் காட்டும் அப்படியொரு புள்ளி தேவை.

முதலில், வாங்கக் கூடாத பொருள். துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளையும் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். இதை அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள்.

நெடுஞ்சாலைப் பயணத்துக்குக் கைபேசியே போதும். இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க அதற்கு மொபைல் சிக்னல் வேண்டாம். கண்டுபிடித்ததை வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆகவே ஆஸ்மேண்ட் போன்ற ஒரு செயலியில் பாதையைக் கைபேசிக்குள்ளேயே பதிவு செய்துகொண்டு, குடும்பத்தாருக்கு கூகுள் மேப்ஸில் இருப்பிடத்தைப் பகிரலாம். நாமே நிறுத்தும்வரை தொடரும் வசதி அதில் உண்டு. வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் எட்டு மணி நேரத்தில் நின்றுவிடும். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது மறுபடி தொடங்க வேண்டும். ஆண்ட்ராய்டு பேட்டரியை மிச்சப்படுத்த இந்தச் செயலிகளைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். அமைப்புகளில் அவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிறன்று புனே அருகிலுள்ள சின்ஹகட் மலைப்பாதையில் ஏறி இறங்கிச் சோதிப்பது நல்லது. பவர் பேங்க் கட்டாயம்.

ஊருக்கெல்லாம் காட்டும் வரைபடம் வேறு விஷயம். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட ஓட்டப் பாதைகளின் வரைபடம் ராணுவ முகாம்களையே காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் உலகுக்குத் தெரிந்தது. தனியாகப் போகிறவர் இரவு எங்கே தங்குகிறார் என்பதை அன்றே அறிவிப்பது வழிப்பறிக்காரருக்கும் சேர்த்துச் சொல்வதாகிவிடும். பாதை பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பிலிருந்து புறப்பட்ட வீட்டின் சுற்றுவட்டத்தை வெட்டிவிட்டு, கூகுள் மை மேப்ஸில் ஒருநாள் தாமதமாக ஏற்றினால் நண்பர்கள் ரசிப்பதில் எதுவும் குறையாது.

இவ்வளவும் செய்துவிட்டு, புள்ளி நின்றால் என்ன செய்வது என்று பேசி வைக்காமல் கிளம்புகிறவர்களே அதிகம். பெரும்பாலும் காரணம் சார்ஜ் தீர்ந்ததாகவோ மலைச்சரிவில் சிக்னல் போனதாகவோதான் இருக்கும். ஆனால் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? கிளம்புமுன் நிதானமான ஒருவரைப் பொறுப்பாளராக்கி, எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு ஒரு செய்தி வரும். ஒன்பதுவரை வராவிட்டால் அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் அன்றைய தங்குமிடத்துக்கு, பிறகு அவசர உதவி எண் 112க்கு. நெடுஞ்சாலை உதவிக்கு 1033. கடைசியாகப் புள்ளி தெரிந்த இடத்தையும் நேரத்தையும் அவர் தயாராகக் கையில் வைத்திருந்தால், தேடுகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று திகைக்க வேண்டியிருக்காது.