உனக்கு மட்டும் ஏன் விலை கூட? தஞ்சாவூர்ப் பக்கம் தங்க வரும் தங்கைகளுக்கு அக்காவின் டிப்ஸ்

சிங்கப்பூர், கோலாலம்பூர், பாரிஸ், டொராண்டோ என்று எங்கெங்கோ வளர்ந்த பெண்கள் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தஞ்சாவூர்ப் பக்கம் தங்க வருகிறார்கள். ஒருத்தி வீணை கற்க வருகிறாள், ஒருத்தி தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய, இன்னொருத்தி கும்பகோணத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்குத் துணையாக. காரைக்காலில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் குடும்பங்கள் உண்டு. தமிழே தெரியாத வெள்ளைக்காரத் தோழிகளும் கூடவே வருவார்கள். வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் எல்லாரும் கேட்கும் கேள்வி: "எனக்கு மட்டும் ஏன்க்கா விலை கூட?"

கூட வாங்குவதெல்லாம் ஒரே ரகம் இல்லை, தங்கச்சி. அரசாங்கம் போர்டில் எழுதிவைத்து வாங்குவது ஒன்று. உன் முகத்தையும் பேச்சையும் பார்த்துச் சொல்வது இன்னொன்று. உன்னைக் கடைக்குக் கூட்டிவந்தவருக்குப் போகும் கமிஷன் மூன்றாவது. முதல் ரகத்துக்குக் கையில் சரியான அட்டை வேண்டும். இரண்டாவதற்கு ஊர் விலை தெரிய வேண்டும். மூன்றாவதற்கு யாரும் கூட்டிப்போகாமல் நீயாகப் போக வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் டிக்கெட் கவுண்டரில் போய்ப் பேரம் பேசுகிறோம், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டுகிறோம்.

1. டிக்கெட் கவுண்டரில் சண்டை வேண்டாம், அட்டையைக் காட்டு

இந்தியத் தொல்லியல் துறை 2018 ஆகஸ்டில் உயர்த்திய கட்டணப்படி, மாமல்லபுரம் போன்ற முதல் வகைச் சின்னங்களுக்கு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. சித்தன்னவாசல், செஞ்சிக் கோட்டை போன்ற இரண்டாம் வகைக்கு 25 ரூபாயும் 300 ரூபாயும். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் இதை மாற்ற முடியாது. ஆனால் விதியிலேயே உனக்கு வழி இருக்கலாம்:

- ஓசிஐ அட்டை (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை) இருந்தால் நினைவுச் சின்னம், அருங்காட்சியகம், தேசியப் பூங்கா, சரணாலயம் எல்லாவற்றிலும் இந்தியருக்கான நுழைவுக் கட்டணம்தான். உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கும் இதே சலுகை. உள்துறை அமைச்சகம் 2021 மார்ச் 4-ம் தேதி வெளியிட்ட அறிவிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. அட்டையையும் அந்த அறிவிக்கையையும் போனில் சேமித்து வை. கவுண்டரில் இருப்பவர் தயங்கினால் குரலை உயர்த்தாமல் திறந்து காட்டு.
- இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியக் கட்டணமே கட்டலாம். சார்க், பிம்ஸ்டெக் என்ற இரண்டு கூட்டமைப்புகளின் நாடுகளுக்கும் தொல்லியல் துறை தரும் சலுகை அது. தாய்லாந்துத் தோழிக்கும் உண்டு. சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்குக் கிடையாது. தாஜ்மகாலில் மட்டும் கணக்கு வேறு: இந்தியருக்கு 50, சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு 540, மற்ற வெளிநாட்டவருக்கு 1,100.
- 15 வயதுக்குக் கீழே இருந்தால் எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இலவசம்.
- ஆன்லைனில் எடுத்தால் 600 ரூபாய் டிக்கெட் 550.

அம்மா தமிழ், அப்பா தமிழ், ஆனால் கையில் இருப்பது இந்தச் சலுகை இல்லாத நாட்டின் பாஸ்போர்ட் மட்டும் என்றால் வெளிநாட்டவர் கட்டணம்தான். கவுண்டரில் "நானும் தமிழ்தான்" என்று சொல்லிப் பயனில்லை. அடிக்கடி வந்துபோகிறவள் என்றால் ஓசிஐக்கு விண்ணப்பித்துவிடு.

2. டிக்கெட்டே இல்லாத இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்

தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் மூன்றும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள். மூன்றிலும் பூஜை நடக்கிறது, மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் யாராவது "ஃபாரினர் டிக்கெட்" என்றால் அது அவருடைய சொந்த வசூல். செருப்பு வைக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கொடு. உள்ளே ஒருவர் தானாக வந்து சிற்பத்தை விளக்க ஆரம்பித்தால், முதல் தூணிலேயே "எவ்வளவுங்க?" என்று கேட்டுவிடு. கடைசித் தூணில் கேட்டால் அவர் சொன்னதுதான் விலை.

தஞ்சை அரண்மனை வளாகத்தில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு, கேமராவுக்கும் தனியாகக் கேட்பார்கள். கலைக்கூடம், சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் என்று எந்த டிக்கெட் எந்தப் பகுதிக்கு என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள். தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையிலும் வெளிநாட்டவர் டிக்கெட் தனி. டென்மார்க்கிலிருந்து வருகிறவரும் அதைத்தான் வாங்க வேண்டும். அவரே வாங்கும்போது நமக்கென்ன?

3. ஒரே விலை சொல்லும் இடங்களில் ஊர் விலையைப் படி

முகம் பார்த்துச் சொல்லும் விலையை உடைக்க, சரியான விலை எது என்று முதலில் தெரிய வேண்டும். வந்த முதல் வாரத்தை இதற்கே ஒதுக்கு.

உழவர் சந்தைக்குக் காலையிலேயே போ. 1999-ல் தொடங்கிய இந்தச் சந்தைகளில் ஒவ்வொரு காய்க்கும் அன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும். விற்பது விவசாயி, யார் கேட்டாலும் போர்டு விலைதான். கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம், வாழைக்காய் நாலுக்கும் விலையைக் குறித்துக்கொள். அப்புறம் காமராஜ் மார்க்கெட்டிலோ தள்ளுவண்டியிலோ கேட்கும்போது எவ்வளவு கூட என்று உனக்கே தெரியும். கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அது நியாயம். இரட்டிப்பாக இருந்தால் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடு.

பாக்கெட் பொருளுக்கு எம்.ஆர்.பி.தான் உச்சவரம்பு. தண்ணீர் பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி தவறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் போன் செய்ய வேண்டியே இருக்காது. பாட்டிலைத் திருப்பி, அச்சிட்ட விலையை விரலால் காட்டினாலே போதும்.

பஸ்ஸில் எல்லாருக்கும் ஒரே கட்டணம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து இலவசம். கர்நாடகத்தில் இதே மாதிரித் திட்டத்துக்கு அந்த மாநில முகவரி உள்ள அட்டை காட்ட வேண்டும். இங்கே கண்டக்டர் அட்டை எதுவும் கேட்பதில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு இதிலேயே மிச்சமாகும்.

4. ஆட்டோவில் ஏறுமுன் பேசு

சென்னைக்கு 2013-ல் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தஞ்சாவூரில் மீட்டரை எதிர்பார்க்காதே, பேசி ஏறுவதுதான் வழக்கம். கிளம்புமுன் வீட்டு ஓனரம்மாவிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ "அங்க போக எவ்வளவு குடுப்பாங்க?" என்று கேட்டுக்கொள். டாக்சி ஆப்பில் அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்றும் பார்.

ஸ்டாண்டில் போய் நின்று விழிக்காமல், "அண்ணே, மெடிக்கல் காலேஜ் ரோடு, எங்க வீட்டுக்குத்தான், எவ்வளவு?" என்று கேள். "எங்க வீட்டுக்கு" என்ற சொல்லிலேயே நீ ஒரு நாள் சுற்றுலாக்காரி இல்லை என்று தெரிந்துவிடும். தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை, ஆங்கிலத்தில் ஆரம்பிக்காதே. கையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள் வைத்திரு. ஐந்நூறை நீட்டினால் "சில்லறை இல்லைம்மா" என்பதில் பேசிய விலை கரைந்துபோகும்.

5. வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதே

அதிகப் பணம் போவது காய்கறியில் இல்லை, வீட்டில்தான். மாதா மாதம் போகும். முதல் விசாரணையை உள்ளூர்க்காரர் ஒருவர் செய்யட்டும். அந்தத் தெருவில் அதே அளவு வீடு என்ன போகிறது என்று தெரிந்த பிறகு நீ போய்ப் பார்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது பொது விதி. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் அதுதான் நிற்கும். ஆகவே கையெழுத்துப் போடுமுன்பே பேசு. போட்ட பிறகு விதியைக் காட்டிப் பயனில்லை.

கரண்டைத் தனியாகக் கேள். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சில ஓனர்கள் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை போட்டு முதல் யூனிட்டிலிருந்தே வாங்குவார்கள். உள்ளூர்க்காரர்களிடமும் இது நடக்கிறது. உனக்கு விவரம் தெரியாது என்றால் இன்னும் கூடும். உன் போர்ஷனுக்குத் தனி இணைப்பா, சர்வீஸ் நம்பர் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள். நம்பர் இருந்தால் பில்லை நீயே ஆன்லைனில் பார்த்துக் கட்டலாம்.

வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால், லாட்ஜாக இருந்தாலும் வீடாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். சிலர் தயங்குவதும் வாடகையைக் கூட்டுவதும் இந்தப் பயத்தில்தான். பதிவுக்குக் கட்டணம் இல்லை. "பக்கத்துல உட்கார்ந்து நானே எல்லா விவரமும் தர்றேன்" என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

6. ஓவியம், பொம்மை, சிலை, பட்டு: தனியாகப் போ

கமிஷன் விளையாடும் இடம் இது. டிரைவரோ கைடோ கூட்டிப்போகும் கடையில் அவருக்கான பங்கு உன் பில்லுக்குள்தான் இருக்கும். முதல் நாள் வாங்காமல் பார்க்க மட்டும் போ. காந்திஜி சாலை பூம்புகார் விற்பனை நிலையத்தில் அரசு ஒட்டிய விலை இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தனியார் கடைக்குப் போனால் பேச ஒரு பிடி கிடைக்கும். பட்டுக்குத் திருபுவனம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் கோ-ஆப்டெக்ஸும் அதே மாதிரி.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

- தஞ்சாவூர் ஓவியம்: ஒட்டியிருப்பது அசல் தங்க ரேக்கா? சட்டம் என்ன மரம்? "தங்க ரேக்" என்று பில்லில் எழுதித் தருவீர்களா? எழுதத் தயங்கினால் விலை பாதியாக வேண்டும், அல்லது நீ கிளம்ப வேண்டும்.
- சுவாமிமலைச் சிலை: எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன விலை, வேலைப்பாட்டுக்கு எவ்வளவு? மெழுகில் செய்து வார்க்கும் முறையில் ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான் வரும். ஆகவே நல்ல வேலைக்கு விலை இருக்கும், அதை அடித்துக் குறைக்காதே. ஸ்தபதியின் பட்டறைக்கே போய் வாங்குவது நல்லது.
- ஊருக்கு எடுத்துப்போகும் சிலை என்றால், அது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழ் யார் பொறுப்பு என்று பணம் கொடுக்குமுன் கேள். 1972-ம் வருஷச் சட்டப்படி நூறு வருஷப் பழசுக்கு மேல் இருப்பதை வெளியே கொண்டுபோக முடியாது. புதுச் சிலையும் பழசு மாதிரித் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

7. நம் பிள்ளைகள் வெளியே போகும்போது

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. பாங்காக் அரண்மனையில் தாய்லாந்துக்காரருக்கு இலவசம், நமக்கு 500 பாட். அங்கே சில இடங்களில் உள்ளூர் விலையைத் தாய் எண்களில் எழுதிவைப்பார்கள்; நமக்கு வாசிக்கவே தெரியாது. பாரிஸ் லூவ்ரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவருக்கு 32 யூரோ.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு லாபமும் உண்டு. பூட்டானில் ஓர் இரவுக்கு மற்றவருக்கு 100 டாலர், இந்தியருக்கு 1,200 ரூபாய். இலங்கை சிகிரியாவில் சார்க் நாட்டவருக்குக் குறைந்த கட்டணம். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போ. மன்னார்குடியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தம்பிகளே, வேலை பர்மிட் அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். அங்கே பல இடங்களில் அதைக் காட்டினால் குடியிருப்போர் கட்டணம்தான்.

8. எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக் கூடாது

கோயில் வாசலில் பூ விற்கும் பாட்டி முழத்துக்கு ஐந்து ரூபாய் கூடச் சொன்னால் கொடுத்துவிட்டு நட. அதற்காக வெயிலில் நின்று வாதாடுவது உன் நேரத்துக்கும் கேடு, அவர் பிழைப்புக்கும் கேடு. வாடகை, கரண்ட், ஓவியம், சிலை, நாள் முழுக்கக் கார் என்று ஆயிரங்களில் போகும் ஐந்தில் மட்டும் கறாராக இரு.

காய், பால், மளிகை மூன்றுக்கும் ஒரே கடையாகப் பிடித்து வாடிக்கை வை. பேரம் பேசிக் குறைப்பதைவிட முகம் பழகிக் குறைவது அதிகம். ஒரு மாதத்தில் அவர்களே "அது வேணாம்மா, நேத்து வந்தது, இதை எடுத்துக்க" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள்.

வெளியூர்த் தோழியைக் கூட்டிப்போகும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. கடைக்காரர் அவளிடம் விலையைக் கூட்டிச் சொல்லும்போது கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்க்காதே. "அண்ணே, இவங்க நம்ம வீட்டுல தங்கியிருக்காங்க, சரியா சொல்லுங்க" என்று அங்கேயே சொல்லு. அப்படியும் குறைக்காவிட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போ.