நகரும் பவர் ஹவுஸ்

நீலகிரி பைக்காராவில் 1932-ல் மின் உற்பத்தி தொடங்கியது. கம்பி வழியே கரண்ட் கோவை மில்களுக்கு வந்தது. பவர் ஹவுஸ் நின்ற இடத்திலேயே நின்றது. நம் உடம்பின் செல்லுக்குள் கதையே வேறு. அங்கே கம்பி கிடையாது. ஆகவே, வேலை நடக்கும் இடத்துக்குப் பவர் ஹவுஸே புறப்பட்டுப் போகிறது! அதுதான் மைட்டோகாண்ட்ரியா. அது தயாரிக்கும் ஏ.டி.பி.தான் செல்லின் எரிபொருள்.

சரி, அது எதன்மேல் ஓடுகிறது? மைக்ரோடியூபூல் என்னும் நுண்குழாய்களின் மேல். டியூபுலின் என்ற புரதம் செங்கல் போல அடுக்கப்பட்டு உண்டான குழாய் இது. விட்டம் 25 நானோமீட்டர். இழுத்துச் செல்பவை மோட்டார் புரதங்கள். நரம்பு இழையில் நுனியை நோக்கிப் போவது கைனசின். திரும்பி வருவது டைனீன். ஒரு ஏ.டி.பி.யைச் செலவழித்தால் கைனசின் 8 நானோமீட்டர் தூரம் ஓர் அடி வைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முதுகுத்தண்டின் அடியிலிருந்து பாதம் வரை போகும் நரம்பு இழையின் நீளம் சுமார் 1 மீட்டர். வினாடிக்கு 1 மைக்ரான் வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் 10 லட்சம் வினாடி, அதாவது சுமார் பதினொன்றரை நாள் ஆகும்! நடுவழியில் நின்று நின்று போவதால் இன்னும் கூடும்.

இந்தத் தண்டவாளம் பெயர்ந்தால் என்ன ஆகும்? பெயர்க்கும் சரக்கு நம்ம மூலனூர், தாராபுரம் பக்கத்துக் காடுகளிலேயே விளைகிறது. கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், 'கவுட்' என்ற மூட்டுவலிக்கு மருந்து. இது டியூபுலினைப் பிடித்துக்கொண்டு, குழாய் உருவாகவிடாமல் தடுக்கிறது. கோல்ச்சிசின் எதோடு ஒட்டுகிறது என்று தேடிப் போய்த்தான் 1967-ல் போரிசியும் டெய்லரும் டியூபுலினையே கண்டார்கள்!

இன்னொன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வைஷ்ணவி அனந்தநாராயணன் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஈஸ்ட் ஆய்வின்படி, நுண்குழாய்கள் கலைந்தால் மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாகிறது. குழாய் ஒட்டியிருக்கும்வரை, அதை வெட்டும் புரதம் சுற்றி வளையம் போட முடிவதில்லை. ஆக, தண்டவாளம் ஓடுவதற்கு மட்டுமல்ல, உடையாமல் காப்பதற்கும்தான்.

அளவு மீறினால் கோல்ச்சிசின் கொடிய விஷம். செல் பிரிவது நிற்கும். நரம்பும் தசையும் கெடும். கிழங்கைத் தெரியாமல் தின்று உயிர்விட்டவர்களும் உண்டு. ஆகவே, விதை பறித்துவிட்டு வருபவர்கள் கையை நன்றாகக் கழுவ வேண்டும். கிழங்கையும் விதையையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். உங்க வீட்டிலும் காட்டிலும் இதை அவசியம் சொல்லுங்கள்!