பைதானில் பழகியது ஜாவாவில் பேசுமா?

கேள்வி: நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் ஐஸ்கிரீம் கடை விற்பனையைக் கணிக்கப் பைதானில் மாடல் பழக்கியிருக்கிறேன். கடையின் பில் மென்பொருள் ஜாவா. எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டுமா? – வாசகர், நல்லூர்

பதில்: வேண்டாம், தம்பி. மாடலை ஓஎன்என்எக்ஸ் கோப்பாக மாற்றுங்கள். 2017இல் மைக்ரோசாஃப்டும் ஃபேஸ்புக்கும் தொடங்கிய பொது வடிவம் அது. ஓஎன்என்எக்ஸ் ரன்டைம் நூலகம் அதை ஜாவாவுக்குள்ளேயே இயக்கும். மென்பொருள் தொடங்கும்போது ஒரே முறை ஏற்றுங்கள். ஒவ்வொரு கணிப்புக்கும் ஏற்றினால் வேகம் போய்விடும்.

உள்ளீட்டு வரிசைதான் உயிர். திருவிழா நாள், மழை, கிழமை என்று பழக்கியிருந்தால் ஜாவாவிலும் அதே வரிசை. தேர் நாளுக்குரிய 24 என்ற எண் மழைக் கட்டத்தில் விழுந்தாலும் பிழைச்செய்தி வராது; பிழையான விடைதான் வரும். பழைய பத்து நாள் கணக்கைப் பைதான், ஜாவா இரண்டிலும் ஓட்டி, விடைகள் ஒத்துப்போன பிறகே கடையில் வையுங்கள்.