மெட்ரோ வேலை நடக்கும் சாலையைக் கடப்பது எப்படி?

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் என்று மூன்று வழித்தடங்கள். புரசைவாக்கம், ராயப்பேட்டை, மயிலாப்பூர், தி.நகர், வடபழனி என ஊரிலேயே ஜனம் அதிகம் நடக்கும் கடைத்தெருக்களை இவை தொட்டுக்கொண்டு போகின்றன. வண்டி ஓட்டுபவர்களுக்குப் போக்குவரத்து மாற்றம் என்று காவல்துறை படம் போட்டுக் கொடுக்கிறது, பத்திரிகைகளில் வருகிறது. நடப்பவர்களுக்கு அப்படி ஒரு படம் வந்து நான் பார்த்ததில்லை. பேரிகேட் ஓரத்தில் திகைத்து நிற்கும் பெரியவர்களையும், பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும் அம்மாக்களையும் தினமும் பார்க்கிறேன். இது அவர்களுக்காக.

உங்கள் சாலையில் நடப்பது எந்த வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தரைக்கு அடியிலா, தலைக்கு மேலா?

சுரங்கப்பாதை என்றால் வழிநெடுகத் தொல்லை இருக்காது. இயந்திரம் அடியில் துளைத்துக்கொண்டு போகும், மேலே பஸ் ஓடும். தொல்லையெல்லாம் நிலையம் வரும் இடத்தில். அங்கே நிலையத்தின் சுற்றுச்சுவரை முதலில் பூமிக்குள் இறக்கிவிட்டு, பிறகு உள்ளே உள்ள மண்ணை அள்ளுகிறார்கள். சாலையை ஒரேயடியாக அடைக்க முடியாத இடங்களில் பாதியை அடைத்து வேலை பார்த்து, அதை மூடி, வண்டிகளை அதன்மேல் திருப்பிவிட்டு, மறுபாதிக்குப் போவார்கள். போன மாதம் இந்தப் பக்கம் இருந்த நடைவழி இந்த மாதம் எதிர்ப்பக்கம் போவது இதனால்தான். ஆகவே பேரிகேட் இடம் மாறியிருக்கும் அன்று பழைய ஞாபகத்தில் நடக்காதீர்கள்; பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, புது வழியைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

உயர்பாதை என்றால், தூண் எழும்பிய பிறகு கவனிக்க வேண்டியது தலைக்கு மேலே. 2025 ஜூனில் ராமாபுரம் அருகே மவுண்ட் – பூந்தமல்லி சாலையில், தூண்களின் மேல் ஏற்றியிருந்த இரண்டு கர்டர்கள் இரவில் சரிந்து விழுந்தன. கீழே இருசக்கர வாகனத்தில் போன ஒருவர் இறந்தார். கிரேன் வேலை செய்யும்போது நின்று வேடிக்கை பார்ப்பதும் மொபைலில் படம் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். கர்டர் மட்டும் ஏற்றி மேல்தளம் போடாமல் விட்டிருந்தால், நிழல் இருக்கிறதே என்று அதன் அடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். வெயில் பரவாயில்லை, தள்ளி நில்லுங்கள்.

செருப்பு வழுக்காமல் பிடிக்க வேண்டும், காதில் பாட்டு கூடாது, ஒரு கை காலியாக இருக்க வேண்டும். தயாரிப்பு அவ்வளவுதான்.

இனிக் கடப்பது. ஆட்கள் அடிபடுவதும் அடிபடாமல் தப்புவதும் இங்கேதான் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேரிகேட்டின் தகரத் தடுப்பு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அதன் மறைவில் நீங்கள் நிற்பது வண்டிக்காரருக்குத் தெரியாது. வண்டி வருவது உங்களுக்கும் தெரியாது. ஆனால் பேரிகேட் முடியும் மூலையிலும், இரண்டு பேரிகேட்டுகளுக்கு நடுவே விட்ட சந்திலும்தான் எல்லோரும் கடக்கிறார்கள். கடக்கவே கூடாத இடங்கள் அவைதான். சாதாரணச் சாலையில் நடைபாதையிலிருந்து இறங்கி, நின்று, பார்த்து நடக்க ஓர் ஓரம் உண்டு. பேரிகேட் மூலையில் அந்த ஓரம் கிடையாது. எடுத்து வைக்கும் முதல் அடியே வண்டி வரும் பாதையில் விழும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தடுப்புப் போக மிச்சச் சாலை ஏழு மீட்டர் அகலம் என்று வையுங்கள். சாதாரண நடைக்கு நொடிக்கு 1.2 மீட்டர், கடக்க ஏறக்குறைய ஆறு நொடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் நொடிக்கு 11 மீட்டர் வரும். ஆறு நொடியில் 66 மீட்டர். அதாவது, 66 மீட்டர் தொலைவுக்கு வண்டி இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே இறங்க வேண்டும். இதைக் கண்ணால் அளக்கத் தெருவிளக்குக் கம்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாலைகளில் கம்பங்கள் பெரும்பாலும் 30 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். வண்டி வரும் திசையில் மூன்றாவது கம்பம் வரை பார்வைக்குத் தெரிய வேண்டும். முழங்கால் வலியோடு மெதுவாக நடப்பவர்களுக்கு நான்காவது கம்பம். பேரிகேட் மூலையில் நின்று பாருங்கள், முதல் கம்பமே தெரியாது.

எனவே மூலையை விட்டு விலகி, தகரம் முடிந்து சாலை நேராகத் தெரியும் இடம் வரை நடந்து, அங்கே கடங்கள். நாற்பது, ஐம்பது தப்படி கூடுதலாக இருக்கலாம். சிக்னலோ, போக்குவரத்து மார்ஷலோ இருக்கும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மூலையைத் தவிர வேறு வழியே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே முதலில் தகரத்தின் மறைவிலேயே நின்று சத்தத்தைக் கேளுங்கள். மின்சார ஸ்கூட்டருக்குச் சத்தமே இல்லை என்பதால் காதை மட்டும் நம்ப முடியாது. பிறகு உடம்பை வெளியே விடாமல், மெதுவாக எட்டிப் பாருங்கள். சட்டென்று தலையை நீட்டினால் தகரத்தை உரசிக்கொண்டு வரும் பைக்கின் கண்ணாடி படும். ஓட்டுபவரின் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் உங்கள் முகம் அவருக்குத் தெரியும். அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பவில்லையா, அந்த வண்டியைப் போக விடுங்கள்.

இரண்டு பக்கமும் பாருங்கள். 'ஒருவழி ஆக்கிவிட்டார்களே' என்று ஒரு பக்கம் மட்டும் பார்த்து இறங்குவதைப் போன்ற தப்பு வேறில்லை. யூ டர்ன் தூரமாகிவிட்டது என்று எதிர்த்திசையில் வருகிறவர்கள் எல்லாச் சாலையிலும் இருக்கிறார்கள். போலீஸ் கண்ணில் படாமல் இருக்க அவர்கள் பேரிகேட்டை ஒட்டித்தான் வருவார்கள், அதாவது நீங்கள் இறங்கும் அதே இடத்தில். அவர்கள் செய்வது குற்றம்தான். ஆனால் அந்த நொடியில் உங்கள் கால் எலும்பைச் சட்டம் வந்து காக்காது.

கையைக் காட்டிக்கொண்டே இறங்குவது நம் ஊர்ப் பழக்கம். கை காட்டுங்கள், தப்பில்லை. வேகம் குறைந்தது என்று பார்த்த பிறகு இறங்குங்கள். நின்ற பஸ்ஸுக்கு முன்னால் கடப்பதில் இன்னும் கவனம் வேண்டும். டிரைவர் நல்ல மனதோடு நிறுத்தி, 'போங்கம்மா' என்பார். பஸ்ஸின் மறுபக்கம் முந்திக்கொண்டு வரும் பைக்குக்கு அது தெரியாது. பஸ்ஸின் மறுபக்க ஓரம் வந்ததும் ஒருமுறை நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. டிரைவர் ஹாரன் அடித்தாலும் நில்லுங்கள்.

குழந்தையை விரலைப் பிடித்து அழைத்துப் போகாதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் நழுவும்.

குறுக்குவழிக்காரர்களிடம் எனக்குப் பொறுமையே இல்லை. தகரத்தை நெளித்து வைத்து உள்ளே புகுந்து, வேலை நடக்கும் இடத்தின் ஓரமாக நடந்து மறுபக்கம் வெளியே வருகிறார்கள். மிச்சமாவது மூன்று நிமிடம். உள்ளே இருப்பது பல மாடி ஆழமுள்ள குழி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், பின்னோக்கி வரும் இயந்திரங்கள். வேலை செய்கிறவர்களுக்கே ஹெல்மெட்டும் பூட்ஸும் இல்லாமல் அங்கே அனுமதி கிடையாது. நீங்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போவதற்கான இடமில்லை அது. நெளிந்த தகரத்தைப் பார்த்தால் அங்கே இருக்கும் ஊழியரிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள். மறுநாள் அதில் பள்ளிப் பிள்ளைகள் புகுவார்கள்.

லாரி போய்வரும் கேட் திறந்திருந்தால் நின்றுவிடுங்கள். மிக்ஸர் லாரியிலும் டிப்பரிலும் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், வண்டியின் மூக்குக்கு நேர்கீழேயும் இடப்பக்கத்தை ஒட்டியும் நிற்பவர் அவர் கண்ணில் படமாட்டார். கேட்டில் கொடியோடு ஒரு ஊழியர் நிற்பார். அவர் பேசுவது உங்களுக்குப் புரியாமல் போகலாம், கொடி புரியும். வெயிலில் நாள் முழுக்க நின்று உங்களைக் காப்பவர் அவர், எரிந்து விழாதீர்கள்.

அந்த கேட்டுக்கு முன்னால் சாலை சாம்பல் நிறத்தில் ஈரமாக இருந்தால் கவனமாகக் கால் வையுங்கள். சுவர் இறக்கத் தோண்டும்போது குழி சரியாமல் இருக்கப் பென்டோனைட் என்ற களிமண் கரைசலை ஊற்றுவார்கள். லாரிச் சக்கரத்தோடு அது வெளியே வரும். வெறும் சேற்றைவிட நன்றாகவே வழுக்கும். குழியை மூடிப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளும் மழையில் அப்படித்தான். அவற்றின்மேல் நடக்க நேர்ந்தால் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுதும் பதிய நடங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு விதி: தேங்கிய தண்ணீரில் கால் வைப்பதில்லை. சுற்றிப் போக முடியாவிட்டால் திரும்பிப் போங்கள். மழைநீர் வடிகால் மூடி திறந்திருக்கிறதா, தகடு நகர்ந்திருக்கிறதா என்று மேலிருந்து சொல்ல யாராலும் முடியாது. மின்கம்பி தொங்கும் பேரிகேட்டையும் விளக்குக் கம்பத்தையும் ஈரக்கையால் தொடாதீர்கள். அறுந்த கம்பியைப் பார்த்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, உடனே சொல்லுங்கள்.

அபூர்வமான ஆபத்து ஒன்றும் உண்டு. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே, அடியில் சுரங்க வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் குழிக்குள் இறங்கின. சாலையில் புதிதாக வட்டமாக விரிசல் விட்டாலோ, ஓரிடம் தாழ்ந்தாலோ, திடீரென்று சேறோ நுரையோ பொங்கி வந்தாலோ அருகில் போய்ப் பார்க்காதீர்கள். மற்றவர்களையும் விலக்கிவிட்டு 112-ஐ அழையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நடப்பவர் செய்ய வேண்டியது. நடப்பவருக்குச் செய்ய வேண்டியதும் எழுத்தில் இருக்கிறது. இந்திய சாலைகள் காங்கிரஸின் நடைபாதை விதிகள், நடக்க 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் வேண்டும் என்கின்றன. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிப் போகும் அகலம் அது. வேலை நடக்கும் சாலைகளில் எச்சரிக்கையும் மாற்று வழியும் எப்படி அமைய வேண்டும் என்று தனி விதிநூலே இருக்கிறது. தடையற்ற நடைபாதை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைவழியே இல்லாமல் பேரிகேட் போட்டு, வண்டியோடு வண்டியாக நடக்க விடுவது விதிமீறல்; வளர்ச்சிக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய சிரமம் அன்று.

புகார் செய்வதற்கு என் முறை இது. பேரிகேட்டின் படம் ஒன்று, நடைவழி இல்லாத இடத்தின் படம் ஒன்று, பக்கத்தில் உள்ள கடைப் பெயரோ தெருப் பெயரோ தெரியும்படி இன்னொன்று எடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் பலகை இருக்கும், அதையும் எடுங்கள். முதலில் அங்கேயே பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேட்டு நேரில் பேசுங்கள். தகரத்தை இரண்டடி உள்ளே தள்ளுவதும், ஒரு விளக்குப் போடுவதும் பல நேரம் அந்த ஒருவரின் கையில்தான் இருக்கிறது. நடக்கவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதே படங்களை மெட்ரோ நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். 'நடக்கவே முடியவில்லை' என்று எழுதாதீர்கள். 'இன்ன தெரு முனையில், இன்ன பக்கம், நடைவழி இரண்டடிதான் இருக்கிறது, பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள்' என்று எழுதுங்கள். பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்க முடியாத புகார் அதுதான்.

வீட்டில் தனியாகக் கடைக்கோ கோயிலுக்கோ போகும் பெரியவர் இருந்தால், இதைப் படித்துக் காட்டினால் போதாது. பேரிகேட் மாறும் ஒவ்வொரு முறையும் கூடவே போய், கடக்க வேண்டிய இடம் இது, கடக்கக் கூடாத மூலை இது என்று நேரில் காட்டிவிட்டு வாருங்கள்.