ஊர் கூடி எழுப்பும் இசை

வட ஆப்பிரிக்காவில் உள்ள மொரோக்கோ நாட்டின் பழம்பெரும் நகரங்களுள் ஒன்று ஃபெஸ். அது ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் பழைமை வாய்ந்தது. அதன் பழைய நகரப் பகுதியில் ஆயிரக்கணக்கான குறுகிய சந்துகள் உள்ளன. கார்கள் நுழைய முடியாத அந்தச் சந்துகளில் இன்றும் கழுதைகளே சுமை தூக்கிச் செல்கின்றன. தோல் பதனிடுவோரும் செம்புப் பாத்திரம் செய்வோரும் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வருகின்றனர். 1981ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. இந்நகரில் நடைபெறும் உலகப் புனித இசை விழா, பல நாட்டு மக்களையும் அங்கு வரவழைக்கிறது.

1991ஆம் ஆண்டில் வளைகுடாப் போர் மூண்டது. அரபு நாட்டினருக்கும் மேற்கத்திய நாட்டினருக்கும் இடையே ஐயமும் கசப்பும் வளர்ந்த காலம் அது. அந்தச் சூழலில், ஃபெஸ் நகரைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் ஃபவுசி ஸ்கல்லி இசையின்வழி மக்களை இணைக்க முனைந்தார். அதன் பயனாக 1994இல் முதல் விழா அரங்கேறியது. சமயங்களைப் பற்றி வாதிடும்போது மனங்கள் இறுகிவிடலாம். பிறர் தம் இறைவனை நினைந்து பாடுவதை அமைதியாகக் கேட்கும்போது அவை இளகும். இதுவே அவ்விழாவின் அடிப்படை நம்பிக்கை. சூஃபி ஞானியரின் பாடல்கள், கிறிஸ்துவத் துறவியரின் கிரகோரிய இசை, யூதர்களின் எபிரேய மொழிப் பாடல்கள், கவ்வாலி, இந்தியச் செவ்வியல் இசை எனப் பலவகை இசை வடிவங்கள் அங்கே ஒலித்துள்ளன.

இத்தகைய ஒற்றுமை ஃபெஸ் நகருக்குப் புதியதன்று. 1492ஆம் ஆண்டில் ஸ்பெயினின் கிரனாடா நகரம் வீழ்ந்த பிறகு, அங்கிருந்து வெளியேறிய முஸ்லிம்களும் யூதர்களும் ஃபெஸ் உள்ளிட்ட மொரோக்கோ நகரங்களில் தஞ்சம் புகுந்தனர். அவர்கள் கொண்டுவந்த செல்வங்களுள் அந்தலூசிய இசையும் ஒன்று. ஒரே மெட்டில் முஸ்லிம்கள் அரபு மொழியிலும் யூதர்கள் எபிரேய மொழியிலும் பாடினர். வழிபடும் இடம் வேறாக இருந்தாலும் மெட்டு இருவருக்கும் பொதுவாக இருந்தது.

ஆயினும், நல்ல நோக்கம் மட்டுமே ஒரு விழாவை நடத்திவிடாது. ஓர் அமைப்பால் மட்டும் இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கவும் இயலாது. அரசும் வணிக நிறுவனங்களும் பொருளுதவி வழங்குகின்றன. பழைய அரண்மனை மதிலை ஒட்டிய பாப் மக்கினா முற்றம் பெரிய நிகழ்ச்சிகளுக்கு அரங்கமாகிறது. பத்ஹா அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், முதிய மரத்தின் நிழலில் மாலைநேரக் கச்சேரிகள் நடைபெற்றுள்ளன. உள்ளூர்ச் சூஃபி குழுக்கள் தங்கள் பாடல்களோடு பங்கேற்கின்றன. 

இக்கூட்டு முயற்சியில் சிக்கல்களும் எழுந்தன. பெரிய அரங்கின் நுழைவுச்சீட்டு விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. வெளிநாட்டவரும் வசதி படைத்தோரும் உள்ளே அமர்ந்து இசையைச் சுவைத்தனர். தலைமுறைகளாக அந்த இசையைக் காத்து வந்த நகர மக்களோ மதிலுக்கு வெளியே நின்றனர். ‘இது யாருடைய விழா?’ என்னும் கேள்வி எழுந்தது. மனிதரை இணைக்கத் தோன்றிய விழா, பணம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துவிடலாமா?

இக்குறையைப் போக்க, பாப் பூஜ்லூத் வாயிலருகே உள்ள திறந்தவெளியில் இலவச நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. அங்கே குழந்தைகளைத் தோளில் சுமந்தபடி குடும்பம் குடும்பமாக மக்கள் திரண்டனர். தார் தாஸி என்னும் பழைய மாளிகையின் தோட்டத்தில் நள்ளிரவையொட்டிச் சூஃபி இசை இரவுகளும் கட்டணமின்றி நடைபெற்றன. அங்கே வந்த உள்ளூர் மக்கள் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. தங்களுக்குப் பழகிய பாடல் ஒலித்தபோது அவர்களும் சேர்ந்து பாடினர்.

மற்றொரு கேள்வி இதைவிட நுட்பமானது. சூஃபி குழுக்களுக்கு இசை என்பது வழிபாடு, கேளிக்கை அன்று. தொழுகை மடத்தில் கூடி மெய்மறந்து பாடும் பாடலை, நேரத்தை அளந்து, ஒளிவிளக்குகளுக்கு முன் பாடலாமா? மேடையேறினால் புனிதம் குறையும் என்று சிலர் தயங்குவர். மேடையேறாவிட்டால் பிறர் அதை அறியும் வாய்ப்பே இராது என்று வேறு சிலர் கருதுவர். இரண்டு கருத்துகளிலும் நியாயம் உண்டு. எதைப் பாடுவது, எங்கே பாடுவது, எதை வழிபாட்டுக்கு மட்டும் ஒதுக்கி வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பாடலுக்கு உரியவர்களிடம் இருக்க வேண்டும். பங்காளிகளிடையே மதிப்பு நிலவுவதற்கு இதுவே அடையாளம்.

2001ஆம் ஆண்டில், நாகரிகங்களுக்கு இடையே உரையாடலை வளர்த்தமைக்காக ஐக்கிய நாட்டு நிறுவனம் இவ்விழாவைப் பாராட்டியது. எனினும், அதன் உண்மையான வெற்றி விருதுகளில் மட்டும் இல்லை. தேரை அலங்கரிப்பவர் சிலராக இருக்கலாம். ஆனால் ஊர் கூடி வடம் பிடித்தால்தான் தேர் நகரும். அந்த வடத்தில் எளியவர் கைக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் விழாதான் மக்கள் விழாவாக நிலைத்து நிற்கும்.